வருகிறவனை மூச்சு வாங்க வைக்கிற ரோடு

சேலம் - கோவை பஸ்ஸில் போகிறவர்களுக்கு சங்ககிரி என்றால் லாரி தெரியும், லாரிப் பட்டறை தெரியும், சிமெண்ட் ஃபாக்டரி தெரியும். பின்னால் நிற்கிற மலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரயில்வேக்காரர்கள் தேவலை. ஸ்டேஷனுக்கு 'சங்கரி துர்க்' என்று பெயர் வைத்து, அங்கே ஒரு துர்க்கம், அதாவது கோட்டை, இருப்பதை ஞாபகப்படுத்துகிறார்கள்.

அந்தக் கோட்டைப் பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஆபீஸ் நண்பர் ஒருவரும் ஏறினோம். பாதை என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி படி, பாதி பாறை, இடுக்கெல்லாம் முள். ஆடு மேய்த்த பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "நின்னு நின்னு போங்க தம்பி. மலை எங்கயும் ஓடிப் போயிராது."

மூன்றாவது வாசலில் நண்பர் உட்கார்ந்தே விட்டார். "எந்த இன்ஜினீயர் சார் இந்த ரோட்டைப் போட்டான்?"

நல்ல இன்ஜினீயர்தான். வருகிறவனுக்கு மூச்சு வாங்க வேண்டும் என்றே போட்ட ரோடு இது! பழைய கோட்டைகளில் வாசலுக்கு நேராக வாசல் வைக்க மாட்டார்கள். வளைத்து வைப்பார்கள். ஓடி வந்து முட்ட யானைக்கு இடம் இருக்காது. எதிரி திரும்புகிற இடத்தில், மதில் மேல் நிற்பவன் கல்லை உருட்டினால் போதும்.

விஜயநகர காலத்துக் கோட்டை. பிறகு மைசூர்க்காரர்களிடம் இருந்தது. 1792-ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம் சீமையை விட்டுக் கொடுக்க, இதுவும் கம்பெனி கைக்குப் போனது. இத்தனை வாசல், இத்தனை வளைவு... கடைசியில் கைமாறியது ஒரு கையெழுத்தில்!

திப்புவின் பக்கம் நின்று கம்பெனியோடு மோதியவர் தீரன் சின்னமலை. 1805 ஜூலை 31-ல் அவரையும் தம்பிகளையும் கம்பெனி தூக்கிலிட்டது இந்தக் கோட்டையில்தான். எதிரி ஏறக் கூடாது என்று போட்ட பாதை, அன்றைக்கு ஊர் ஜனம் ஏறி வராமலிருக்கவும் உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் ஏறினார்கள். இறங்கவில்லை. இதைச் சொன்னதும் நண்பர் எழுந்து, பேசாமல் நடக்க ஆரம்பித்தார்.

ஆடிப் பதினெட்டு அன்று அடிவாரத்தில் மாலை மரியாதை உண்டு. மேலே பெருமாள் கோயிலும் தர்காவும் காற்றோடு பேசிக் கொண்டிருக்கின்றன. மதிலில் ஒரு ரமேஷும் ஒரு சுதாவும் அம்பு துளைத்த இதயத்தோடு வெள்ளை பெயிண்ட்டில் இருக்கிறார்கள்.

ஏறுகிறவர்கள் வெயிலுக்கு முன்னால் ஏறுங்கள். மேலே கடை கிடையாது, தண்ணீர் அவசியம். பெயிண்ட் டப்பா மட்டும் வேண்டாம் சார். அந்த மலைக்கு வேண்டிய பெயர் 1805-லேயே எழுதியாகி விட்டது.