குடும்ப ஜெபத்தைத் தொலைத்தவர் யார்?



இன்று நான் எழுதப்போவது பலருக்குக் கசக்கும். முதலில் எனக்கே கசந்தது. ஆதலால், பிறரைச் சாடுவதற்கு முன் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் காலமானபோது, பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரங்கல் ஆராதனை நடந்தது. பேரப்பிள்ளைகளுள் ஒருவர் இருபத்து மூன்றாம் சங்கீதத்தை வாசிக்கட்டும் என்றார் போதகர். பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர். அம்மாவின் வேதாகமம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியது. தேசியப் பள்ளியில் படித்தவர்கள், தமிழ் வாசிக்கத் தெரியாது என்று தலையசைத்தனர். கடைசியில் அது என் மகனிடம் வந்தது. அவன் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். பெற்றவளோ தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவனுக்கு எழுத்து தெரியும். ஆனால், சங்கீதப் புத்தகம் வேதாகமத்தில் எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை. முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தான். கூடம் முழுவதும் காத்திருந்தது. இறுதியில், பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் புத்தகமே இல்லாமல் அச்சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லி முடித்தார்.

வந்திருந்த உறவினர் பலரும் "தமிழ் போய்விட்டது" என்று வருந்தினர். நான் அதை ஏற்கவில்லை. மற்ற எட்டுப் பேருக்கும் அந்தச் சங்கீதம் ஆங்கிலத்திலாவது தெரிந்ததா? தெரியவில்லையே! தமிழ் போனதால் ஜெபம் போகவில்லை. நம் வீடுகளில் தினசரி ஜெபம் முதலில் போயிற்று. அதன் பின்னால் மொழியும் போயிற்று. தொலைத்தவர்கள் பிள்ளைகள் அல்லர். நாம்தான்.

அன்று எப்படி இருந்தது?

என் தாயார் தோட்டப் பள்ளியில் மூன்றாண்டுகளே படித்தவர். என் தந்தையார் துறைமுகத் தொழிலாளி. இரவு வேலை இல்லாத நாள்களிலெல்லாம் உணவுக்குப் பின் பாய் விரிக்கப்படும். ஒரு கீர்த்தனை, ஓர் அதிகாரம், பிறகு அப்பாவின் ஜெபம். ஆளுக்கு ஒரு வசனமாக வாசிக்க வேண்டும். எழுத்துக்கூட்டி நான் திணறும்போது யாரும் சிரிக்கமாட்டார்கள். அம்மா அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக்கொடுப்பார். மொத்தம் இருபது நிமிடங்கள். பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் வாசிப்பு கற்பிக்கும் முறைகளைப் பற்றி விரிவுரைகள் கேட்டபோது, இவற்றுள் பாதியை அந்தப் பாயிலேயே கற்றுவிட்டேனே என்று வியந்தேன். அப்பா ஜெபிக்கும்போது எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லுவார். அந்த ஒரு நொடிக்காகத் தூக்கத்தை அடக்கிக்கொண்டு காத்திருப்பேன்.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததன்று. தமிழில் அச்சுக்கலை தொடங்கியதே ஜெபத்திற்காகத்தான். 1554-இல் லிஸ்பன் நகரில் ஜெபங்களும் அடிப்படைப் போதனைகளும் கொண்ட ஒரு சிறு தமிழ் நூல் அச்சாயிற்று. தமிழ் அச்செழுத்து அப்போது இல்லாமையால், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்துகளில் அச்சிட்டனர். 1578-இல் அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சேற்றினார். இருபத்து நான்கே ஆண்டுகளில் ரோமன் எழுத்திலிருந்து தமிழ் எழுத்துக்கு வந்துசேர்ந்தார்கள். நாமோ இன்று தேவாலயத் திரையில் தமிழ்ப் பாடலை ரோமன் எழுத்தில் போட்டுப் பாடுகிறோம். அவர்கள் முன்னோக்கி நடந்த அதே வழியில் நாம் பின்னோக்கி நடக்கிறோம்!

1529-இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்கவேண்டியது என்ற குறிப்போடுதான் அமைந்தது. காலை ஜெபமும் மாலை ஜெபமும் அதில் உண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டையும் வெளியிட்டார். இவர்களெல்லாம் எதற்காகப் பாடுபட்டார்கள்? நாம் அலமாரியில் பூட்டிவைக்கவா?

நாம் சொல்லும் சாக்குகள்

"நேரமில்லை, டீச்சர்." இதைத்தான் அதிகம் கேட்கிறேன். பிறை தொழிற்சாலைகளில் முறைமாற்றி வேலை செய்யும் பெற்றோரின் களைப்பை நான் அறிவேன். என் கணவரும் அப்படி உழைப்பவரே. ஆயினும், கைப்பேசிக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும் வீட்டில் கடவுளுக்குப் பதினைந்து நிமிடங்கள் கிடைக்கவில்லை என்றால், அது நேரப் பஞ்சமன்று, மனப் பஞ்சம். ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா, பெரிய குடும்பத்தைக் கட்டிக்காத்தவர். வறுமைக்கிடையிலும், வாரத்தில் ஒரு மாலையை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியே ஒதுக்கி, அதன் ஆன்மிக வாழ்வைப் பற்றிப் பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை.

"ஓய்வுநாள் பள்ளியில் சொல்லித்தருகிறார்களே." வாரத்தில் ஒரு மணி நேரம் நீச்சல் பாடம் கேட்டவன், மற்ற ஆறு நாள் தண்ணீரையே தொடாவிட்டால் நீந்துவானா? நாங்கள் பள்ளியில் நன்னெறிக் கல்வி கற்பிக்கிறோம். ஜெபிக்கக் கற்பிப்பது பள்ளியின் வேலையன்று, உங்கள் வேலை. தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் குடியிருந்தது என்றுதான் பவுல் எழுதுகிறார்.

"தினமும் காலையில் புலனத்தில் வசனம் அனுப்புகிறேனே." பூப்படத்தின் மேல் எழுதிய வசனத்தை நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறோம். அதை நாம் ஒரு நிமிடமாவது சிந்தித்தோமா? உணவுப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே அடுத்தவருக்குக் கொடுப்பவரின் பசி தீருமா?

"ஆண்டுதோறும் புக்கிட் மெர்தாஜாம் திருவிழாவுக்குத் தவறாமல் போகிறோம்." போகவேண்டும்; நன்று. ஆனால், அந்தப் புனித அன்னாளைப் பல நூற்றாண்டுகளாக ஓவியர்கள் எப்படி வரைந்தார்கள்? மடியில் நூலை வைத்து, மகள் மரியாளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் தாயாக! ஜூலையில் அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மற்ற மாதங்களில் அவர் செய்ததைச் செய்யாதிருப்பது என்ன பக்தி?

தேர்வுக் கால ஜெபத்தையும் சொல்லியாகவேண்டும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில், பேனாவையும் பென்சிலையும் நீட்டி ஜெபிக்கச் சொன்ன பெற்றோர் உண்டு. 2021-இல் அத்தேர்வு அகற்றப்பட்டது. சில வீடுகளில் அதனோடு ஜெபமும் அகன்றுவிட்டது. தேவையின்போது மட்டும் அழைக்கும் பிள்ளையை எந்தத் தகப்பன் நெருங்கிய பிள்ளை என்பான்?

என்னதான் செய்வது?

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னாவை அன்றன்றுதான் பொறுக்கவேண்டும்; மறுநாளைக்கென்று சேர்த்துவைத்தது புழுத்துப்போயிற்று. இறையுறவும் அப்படியே. நான் முன்வைப்பவை எளியவை:

1. காலையில் கைப்பேசியைத் தொடுமுன் ஐந்து நிமிட அமைதி. இயேசுவே இருட்டோடே எழுந்து தனித்த இடம் தேடிப் போனார்.

2. நாளும் ஒரு சிறு பகுதி வாசிப்பு. ஓர் அதிகாரம் முடியாவிட்டால் ஐந்து வசனங்கள் போதும். அவற்றுள் ஒன்றை அன்று முழுவதும் மனத்தில் சுமக்கவேண்டும்.

3. இரவில் குடும்பமாக ஜெபம். பிள்ளைகளின் பெயரைச் சொல்லுங்கள். முதலில் நன்றி, பிறகே விண்ணப்பம்.

4. படுக்குமுன் ஆத்தும சோதனை. இன்று யாரைப் புண்படுத்தினேன்? நாளை யாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்?

5. நாள்தோறும் யாருக்கேனும் ஓர் உதவி. கதவைப் பூட்டிக்கொண்டு செய்யும் ஜெபம் அந்தக் கதவைத் திறந்து வெளியேயும் வரவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இதைக் கணக்கு எழுதும் வேலையாக்கிவிடாதீர்கள். மேற்பார்வையாளர் வருகிறார் என்பதற்காகத் திருத்தப்படும் பயிற்சி நூல்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் திருத்தியிருக்கிறேன். கடவுள் மேற்பார்வையாளர் அல்லர். ஒருநாள் தவறினால் மறுநாள் தொடரலாம்.

எந்த மொழியில் செய்வது? கடவுளுக்கு எல்லா மொழியும் தெரியும். ஆங்கிலத்தில்தான் முடியும் என்றால் ஆங்கிலத்திலேயே தொடங்குங்கள். ஆனால், பாட்டியின் ஜெபத்தைப் பேரன் புரிந்துகொள்ளவேண்டும் என்றால் தமிழ் வேண்டும். இந்து நண்பர்களே, உங்கள் வீட்டுத் தேவாரத்திற்கும் திருவாசகத்திற்கும் இதே நிலைமைதானே? சற்று எண்ணிப்பாருங்கள்.

அம்மாவின் அடக்கம் முடிந்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் மறுபடியும் பாய் விரிக்கிறோம். முதல் நாள் எல்லாருக்கும் கூச்சமாக இருந்தது. மகன் திணறித் திணறி வாசித்தான். நான் சிரிக்கவில்லை, அடுத்த சொல்லை மட்டும் எடுத்துக்கொடுத்தேன். இப்போது சங்கீதம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

அம்மா இருந்தபோதே இதைச் செய்திருக்கவேண்டும். அந்தக் குறை எனக்கு என்றும் உண்டு. உங்கள் வீட்டில் இன்னும் பாட்டி இருக்கிறாரா? அப்படியானால், இன்றிரவே பாயை விரியுங்கள்.