"ங்க" எங்கே போச்சுங்க?

"எந்த ஊருங்க?"

"மடத்துக்குளம் பக்கமுங்க."

"ஊருக்குள்ளயாங்க?"

"இல்லீங்க, காலனி."

"ஓ... செரி செரி. அப்படி ஓரமா நில்லு, கூப்புடறேன்."

ஐந்தே வரி. பனியன் கம்பெனி வாசலில், தென்னந்தோப்பில், வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் நம்மில் பலர் இந்தப் பேச்சைப் பேசியிருக்கிறோம். கேட்டவர் கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. சாதிப் பெயர் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடுதான் கேட்டார். முதல் கேள்வியில் "ங்க" இருந்தது. இரண்டாவது கேள்வியிலும் இருந்தது. பதில் வந்ததும் கழன்று விழுந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

தினமும் காதில் விழுந்து எரிச்சல் மூட்டுகிற சொற்கள் எவை என்று உடுமலையில் தோழர்கள் சிலர் உட்கார்ந்து பேசினோம். ஆளுக்கொன்று சொன்னார்கள். "இப்பெல்லாம் யாருங்க சாதி பாக்கறாங்க?" என்பது ஒன்று. இதைச் சொல்பவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள், எந்தக் கூட்டம், எந்தக் குலம் என்று அச்சடித்திருக்கும். "உங்களப் பாத்தா அப்படித் தெரியலீங்களே" என்பது இன்னொன்று. பாராட்டாம்! பார்த்தால் எப்படித் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்தார்? "உங்களுக்கென்னப்பா, கோட்டா இருக்குது" என்பது மூன்றாவது. மில்லில் ராத்திரி ஷிப்டு பார்த்து மகளைப் படிக்கவைத்த ஒரு தாயின் உழைப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோகிறது.

"அட சண்டாளா" என்று கொஞ்சுவதும் உண்டு, திட்டுவதும் உண்டு. சண்டாளர் என்பது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் ஒன்று என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கடல் கடந்து போனாலும் தப்பவில்லை. ஒதுக்கி வைக்கப்பட்டவரைக் குறிக்க ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுகிற "பாரியா" நம்முடைய பறையர்தான். உலகம் நம்மிடமிருந்து கடன் வாங்கிய சொற்களில் அதுவும் ஒன்று.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு மூத்த தோழர் சொன்னார்: "இதெல்லாம் கேட்டு மரத்துப்போச்சு. ஆனா பேசிக்கிட்டே இருக்கறப்ப அந்த 'ங்க' போகுது பாருங்க, அதுதான் சுருக்குனு தைக்குது." இந்தத் தலையங்கம் அவர் சொன்னதைப் பற்றியது.

கொங்குத் தமிழ் மரியாதைத் தமிழ் என்று ஊரெல்லாம் மெச்சுகிறது. "ஏனுங்க", "வாங்க", "சொல்லுங்க" என்று சினிமாவும் பட்டிமன்றமும் அதை விற்றுக் காசாக்கி இருக்கின்றன. பொய்யில்லை. கைக்குழந்தையைக்கூட "வாங்க சாமி" என்று கூப்பிடுகிற சீமை இது. அதே சீமையில் எழுபது வயதான நம் தாத்தன், பண்ணைக்காரர் வீட்டு ஏழு வயதுப் பையன் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "சொல்லுங்க சாமி" என்று நின்றான். பையன் "என்றா" என்றான். இரண்டுமே கொங்குத் தமிழ்தான். முதலாவதை மட்டும் மேடை ஏற்றினார்கள்.

தமிழில் ஒருவரைப் பார்த்து ஒரு வாக்கியம் பேச வேண்டுமென்றால் முதலில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நீயா நீங்களா? வாவா வாங்களா? ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல்லைப் போட்டு நழுவிவிடலாம். தமிழில் வினைச்சொல்லின் வால் காட்டிக்கொடுத்துவிடும். வயது, உறவு, நட்பு என்று அந்த முடிவுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவை எல்லாவற்றையும் மீறி ஊரின் எந்தப் பக்கம் என்பது முடிவு செய்கிறதே, அங்கேதான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

"எந்த ஊருங்க?" என்ற கேள்வி ஏன் இவ்வளவு முக்கியமாகிவிட்டது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்னது. பெரியார் தாமே முன்னின்று விட்டார். தமிழ்நாட்டில் பெயரின் வாலாகச் சாதி ஒட்டிக்கொண்டிருப்பது பெரிய அளவில் மறைந்தது. நாம் பெருமைப்பட வேண்டிய காரியம்தான். ஆனால் பெயரில் தெரியாததை ஊரில் தேடினார்கள். ஊர் போதாதபோது தெருவில் தேடினார்கள். "ஊருக்குள்ளயா, வளவா?" என்ற கேள்வி விடுபட்டுப்போன அந்தப் பட்டத்தின் வேலையைத்தான் செய்கிறது.

பெயர் மாற்றமும் நமக்குப் புதிதல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் "பறையன்" என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். இழிவென்று எறிந்த சொல்லையே கொடியாகப் பிடித்தார். எம்.சி.ராஜா வேறு வழி எடுத்தார். சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, 1922இல் அரசுப் பதிவுகளில் "ஆதி திராவிடர்" என்ற பெயரை ஏற்கவைத்தார். பிறகு காந்தி "ஹரிஜன்" என்றார். நம்மைக் கேட்காமல் நமக்குச் சூட்டிய அந்தப் பெயரை எதிர்த்து 1938இல் அம்பேத்கரும் அவர் தோழர்களும் பம்பாய் சட்டசபையிலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள். சேரி என்றால் கேவலம் என்று, அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகளுக்குக் "காலனி" என்ற புதுச்சொல் வந்தது. சுத்தமான இங்கிலீசுச் சொல். நகரத்தில் பணக்காரர் குடியிருந்தாலும் காலனிதான். ஆனால் நம் ஊர்ப்பக்கம் ஒரு தலைமுறைக்குள் அந்தச் சொல்லிலும் அழுக்கை ஏற்றிவிட்டார்கள். "காலனிக்காரன்" என்பது வசவாகிப்போனது.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில், ஆதிக்கத்தின் அடையாளமாகிப்போன "காலனி" என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கிறோம். பஸ் போர்டிலும் பள்ளிச் சான்றிதழிலும் அந்தச் சொல்லைச் சுமந்த பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயமல்ல. ஆனால் நூறு வருசமாகப் பார்த்துவிட்டோம் தோழர்களே. பெயர் புதிதாக வரும், கொஞ்ச நாள் வெளுப்பாக இருக்கும், பிறகு அதுவும் கறுத்துப்போகும். அழுக்கு பேசுகிற வாயில் இருக்கிறது. நாளைக்கு நம் தெருவுக்கு எந்தத் தலைவர் பெயரை வைத்தாலும், "ஓ, அந்த நகரா..." என்று இழுக்கிற இழுப்பில் எல்லாம் தெரிந்துவிடும்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுப்பார்வையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. 2011 ஏப்ரலில் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்சநீதிமன்றம், தமிழ்நாட்டில் புழங்குகிற சாதி வசவுகளையே எடுத்துச் சொல்லி, அவமதிக்கும் நோக்கத்தோடு பேசினால் குற்றம்தான் என்றது. இரட்டைக் குவளையையும் அதே தீர்ப்பில் கண்டித்தது. வசவைப் பிடிக்கச் சட்டம் உண்டு. கழன்று விழுந்த "ங்க"வுக்கு எந்த ஸ்டேசனில் போய்ப் புகார் கொடுப்பது? "நில்லு"ன்னு சொன்னாருங்க என்று எழுதிக்கொடுத்தால் ஏட்டய்யா சிரிப்பார். அவரும் நம்மை "நில்லு" என்றுதான் சொல்வார்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு தலையங்கமா என்று கேட்பவர்கள் உடுமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நிமிடம் நின்று பார்க்கட்டும். 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், அத்தனை சனத்தின் கண்முன்னால், குமரலிங்கத்துச் சங்கரை வெட்டிக் கொன்றது அங்கேதான். அவர் மனைவி கௌசல்யா வெட்டுக்காயங்களோடு பிழைத்தார். சாதி மறுத்துக் கல்யாணம் செய்தார்கள் என்பதுதான் குற்றம். மறுநாள் செய்திகளில் என்ன சொல் வந்தது? "கௌரவக் கொலை." யாருடைய கௌரவம்? 2011 தீர்ப்பிலேயே, இந்தக் கொலைகளில் கௌரவமானது எதுவுமில்லை என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனாலும் அந்தச் சொல் போகவில்லை. கொன்றவன் தன் செயலுக்கு வைத்துக்கொண்ட பெயரை அப்படியே வாங்கி அச்சடித்தார்கள். "ஆணவக் கொலை" என்று மாற்றிச் சொல்ல இயக்கங்களும் தோழர்களும் மேடைக்கு மேடை போராட வேண்டியிருந்தது. இன்று பத்திரிகைகளே அப்படி எழுதுகின்றன. சொல்லை மாற்றியதால் கொலை நிற்கவில்லை. 2025 ஜூலையில் நெல்லையில் கவின் செல்வகணேஷைப் பறிகொடுத்தோம். ஆனால் கொலைகாரனுக்குக் கௌரவம் என்ற போர்வையைத் தருவதாவது நின்றது. அந்தக் கௌரவமும் இந்த "ங்க"வும் ஒரே சரக்குதான். தனக்கு மட்டுமே உரியது என்று ஒருத்தன் மரியாதையைப் பூட்டி வைத்துக்கொள்ளும்போது, அடுத்தவன் அதில் பங்கு கேட்டால் அரிவாள் வருகிறது.

இனி நம் முதுகையும் பார்ப்போம். ஊரைச் சொல்லிவிட்டு நாம் யோக்கியர் போல் உட்கார முடியாது. நம் தெருவிலேயே பள்ளரும் பறையரும் அருந்ததியரை "அவுனுக" என்று ஒருமையில் பேசுவதைக் கேட்டதில்லையா? தெருவைப் பெருக்கவும் சாக்கடை அள்ளவும் வருகிற அம்மாவை "ஏய் இந்தா" என்று நாமும்தானே கூப்பிடுகிறோம்? மேடையில் அம்பேத்கர் பேசிவிட்டு வீட்டுக்குப் போய் "ஏன்டி, சோத்தப் போடுடி" என்கிற தோழரை நமக்குத் தெரியாதா? இப்போது திருப்பூர்ப் பக்கம் புதுச்சொல் ஒன்று வந்திருக்கிறது: "வடக்கன்". பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு ஓவர்லாக் மிசினில் உட்காருகிற பையனை "டேய் இந்திக்காரா" என்கிறோம். ஊரில் நம்மைப் போலவே ஒதுக்கி வைக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. நம் தாத்தன் கேட்ட "என்றா"வை நாம் அவனுக்குக் கொடுக்கிறோம்.

ஆகவே தோழர்களே, ஒன்று செய்வோம். இதற்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். முன்பின் தெரியாத பெரியவர் யாராக இருந்தாலும் "ங்க" போட்டுப் பேசுவோம். கூட்டுகிறவர், சுமக்கிறவர், மிசினுக்குப் பக்கத்தில் நிற்கிற வெளி மாநிலத்துக்காரர் எல்லாருக்கும் சேர்த்துத்தான். வீட்டுப் பெண்களிடமிருந்து ஆரம்பிப்போம். "எந்த ஊருங்க?" என்று கேட்டால் ஊரைச் சொல்வோம். "ஊருக்குள்ளயாங்க?" என்ற இரண்டாவது கேள்விக்கு, "எதுக்குங்க கேக்கறீங்க?" என்று நிதானமாகத் திருப்பிக் கேட்போம். "ங்க" போட்டே கேட்போம். பாதிப் பேச்சில் நமக்கு மரியாதை நின்றுபோனால், நாம் தொடர்ந்து "ங்க" போட வேண்டிய கடன் நமக்கும் இல்லை. பேச்சை அங்கேயே நிறுத்தி, "இப்ப வரைக்கும் 'ங்க' போட்டீங்களே, எங்கே போச்சுங்க?" என்று கேட்டுவிடுவோம்.

கேட்டுப் பாருங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று நமக்கு எழுதுங்கள்.

— ஆசிரியர் குழு