நான் நடிக்கல்ல, சேர்

போன மாதம் பரிசளிப்பு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னீர்களாம். "நல்லா ஓடின பிள்ளை, கலியாணம் கட்டினதோட விட்டுட்டாள்." சபை சிரித்ததாம்.

எனக்குக் கலியாணம் நடந்தது கால் போய் ஏழு வருசம் கழித்து, சேர்.

100 மீற்றர் இறுதி. அறுபதைத் தாண்டியிருப்பேன், முன்னால் ஒருத்தியும் இல்லை. 'டப்' என்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து கல்லால் எறிந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். விழுந்து கிடக்கையில் சுண்ணாம்புக் கோடு கன்னத்தில் அப்பியிருந்தது.

ஓடிவந்து "எங்க நோகுது?" என்று கேட்டீர்கள். சுற்றிவர ஆம்பிளைகள், நடுவர்கள், பெடியன்கள், அறிவிப்பாளர். எனக்குப் பதினாறு வயது. தொடைக்குப் பின்னால் என்று எந்த வாயால் சொல்வேன்? "முழங்கால்" என்றேன். முழங்காலுக்குத் தைலம் பூசிச் சூடு பறக்கத் தேய்த்துத் துணி சுற்றினீர்கள். கிழிந்ததோ ஒரு சாண் மேலே. பக்கத்தில் ஒரு மிஸ் நின்றிருந்தால், மறைப்புக்கு ஒரு சேலையைப் பிடித்திருந்தால், நான் ஏன் பொய் சொல்லப் போகிறேன்?

அன்று பின்னேரம் குருக்கள்மடத்தில் பாதைப் படகு ஏறினேன். பலகையில் குந்தினால் உயிர் போகிறது. வாவியைக் கடந்து எங்கள் படுவான்கரைப் பக்கம், அம்பிளாந்துறை வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்னகா மனெ, காலை இழுக்கிறாய்?" என்று கேட்டா முன்பின் தெரியாத ஒரு பெத்தா. அவவின் காதுக்குள் மட்டும் இடத்தைச் சொன்னேன். மீன் யாவாரி ஒருவரின் றெஜிபோம் பெட்டியில் மிஞ்சிக் கிடந்த ஐஸை அள்ளி, சேலைத் தலைப்பில் முடிந்து, என் பாவாடைக்கு மேலால் வைத்து அழுத்தினா. இறால் நாறியது. என் தசை கண்ட முதல் வைத்தியம் அதுதான்.

ஒன்பதாம் நாள் அஞ்சலோட்டம். வலி குறைந்துதான் இருந்தது. ஆனால் காலை எட்டிப் போட்டால் பின்னுக்கு இழுத்தது. சொன்னேனே, சேர். "நடிக்காத" என்றீர்கள். மடிக்கணினியைத் திறந்து டெரெக் ரெட்மண்டின் ஓட்டத்தைப் போட்டுக் காட்டினீர்கள். 1992, பார்சிலோனா, 400 மீற்றர் அரையிறுதி. தொடைத் தசை கிழிந்த பிறகும் நொண்டி நொண்டிக் கோட்டைத் தாண்டிய மனுசன். "பார், இவனுக்கு நோகல்லையா?"

காவலர்களைத் தள்ளிவிட்டு மைதானத்துக்குள் பாய்ந்து வந்த அவருடைய தகப்பனைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகனே, இதை நீ செய்யத் தேவையில்லை என்று சொல்ல வந்த தகப்பன். அதற்குப் பிறகு ரெட்மண்ட் எந்த ஒலிம்பிக்கிலும் ஓடவில்லை என்பதையும் நீங்கள் சொல்லவில்லை.

ஓடினேன். கோலைக் கொடுக்க இன்னும் பத்து மீற்றர். அதே இடம், அதே சத்தம். இந்தமுறை நடிப்பு என்று சொல்லவில்லை. "பிள்ளைக்கு உடம்பில பலமில்ல" என்று முடித்துவிட்டீர்கள்.

என்ன நடந்தது என்பதைப் பல வருசம் கழித்து ஒரு பிசியோதெரப்பி மிஸ் தன் காலை வீசிக் காட்டித்தான் விளங்கப்படுத்தினா. வேகமாக ஓடும்போது முன்னே வீசிப் போகிற காலை, பாதம் நிலத்தில் படுவதற்குச் சற்று முன்னால் பிடித்து நிறுத்துவது தொடையின் பின்தசை. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டிய வேலை; கிழிவதும் அந்தக் கணத்தில்தான். நோ போய்விட்டதால் தசை ஆறிவிட்டது என்று அர்த்தமில்லையாம். திரும்ப ஓடத் தொடங்குகிற முதல் கிழமைகளில்தான் மறுபடி கிழிகிற ஆபத்து அதிகமாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகை வரவில்லை, பத்திக்கொண்டு வந்தது.

2016 யூலையில் உசைன் போல்ட்டுக்கும் இதே தசைதான். ஜமைக்காவின் தெரிவுப் போட்டியில் இறுதி ஓட்டம் ஓடாமலே விலகினார். மருத்துவ விலக்குக் கொடுத்து அணியில் சேர்த்தார்கள். ஓகஸ்டில் ரியோவில் 3 தங்கம். உலகத்திலேயே வேகமான மனுசன் 'ஏலாது' என்று சொல்லலாம். படுவான்கரைப் பிள்ளை சொன்னால் நடிப்பு!

காசில்லை, வசதியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தசையைப் பலப்படுத்த நோர்டிக் என்று ஒரு பயிற்சி இருக்கிறது. பாயில் முழந்தாளிட்டு நிற்க வேண்டும். பின்னால் ஒருத்தி கணுக்கால்களை அமுக்கிப் பிடிக்க, உடம்பை மெல்ல மெல்ல முன்னே சரிக்க வேண்டும். ஒரு பன்பாய், ஒரு தோழி. இரண்டும் எங்கள் ஊரில் இல்லையா, சேர்?

அடுத்த வருசமும் மைக் உங்கள் கைக்குத்தான் வரும். அப்போது திருத்திச் சொல்லுங்கள்: அவளுக்குத் தொடைத் தசை கிழிந்தது, கிழிந்த காலோடு ஓடவிட்டது நான்தான் என்று. சபை சிரிக்கிறதா, பார்ப்போம்.