படகு போன பிறகு



பிரான்சில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் மத்தியதரைக் கடலில் ஒரு சின்னத் தீவுக்குப் போய்வந்து படம் அனுப்பினார். "என்ன அமைதி சார்! அங்கேயே இருந்துவிடலாம்" என்று எழுதியிருந்தார். எனக்கு யாழ்ப்பாணத்து நெடுந்தீவு ஞாபகம் வந்தது.

குறிகட்டுவானிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். பவளக்கல் வேலிகள், பனைகள், தானாகத் திரியும் மட்டக்குதிரைகள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு. நானும் "என்ன அமைதி" என்றுதான் சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மா சிரித்தார். "கடைசிப் படகு போன பிறகு ஒரு வருத்தம் வந்தால் தெரியும் ஐயா" என்றார். அங்கே வருத்தம் என்றால் நோய்.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குமுதினிப் படகில் போனவர்களில் பலர் கடலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். போரில் ஊரைவிட்டுப் போன பலர் திரும்பவே இல்லை. நாம் ரசிக்கும் அமைதியில் பாதி, ஆளில்லாத அமைதி.

ஒரு தீவின் குணம் தெரிய வேண்டுமானால் படகு நேரத்தைக் கேளுங்கள் என்பேன். கரியமாணிக்கத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களுக்கு இது புரியும். அடுத்த முறை படம் எடுப்பதற்கு முன், அங்கே வாழ்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள்.