கடாரத் துறையைத் தூர்த்தது எது?

1025இல் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை (இன்றைய கெடா) வென்றதோடு பூஜாங் பள்ளத்தாக்கின் துறைமுகம் அழிந்துபோனது என்பது, லூனாஸ் முதல் சுங்கை பட்டாணி வரை தென்கெடாத் தமிழரிடையே பரவலாக வழங்கும் கூற்று. வெற்றி உண்மை, அழிவை அங்குள்ள ஆறுகளே மறுக்கின்றன.

படையெடுப்புக்குப் பின் வணிகம் நின்றதென்பது முதல் வாதம். மெர்போக் கழிமுகத்தைச் சேரும் பூஜாங் ஆற்றங்கரையில், பெங்காலான் பூஜாங்கின் சேற்றிலிருந்து திரளாகக் கிடைத்த சோங், யுவான் காலச் சீனப் பீங்கான் ஓடுகளும், அவற்றோடு கலந்திருந்த மேற்காசியக் கண்ணாடிச் சில்லுகளும், 14ஆம் நூற்றாண்டு வரை மரக்கலங்கள் அங்கே வந்ததைக் காட்டுகின்றன. மேலும், நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தின் ஊர்களுக்கு வரிவிலக்கு வேண்டி, 1090இல் கடாரத்து அரசனின் தூதர் முதலாம் குலோத்துங்கனை நாடியதைச் சிறிய லெய்டன் செப்பேடு பதிந்துள்ளது. அழிந்த நாடு தூதனுப்பாது.

மூடா ஆற்றங்கரையிலிருந்த சுங்கை மாஸ் 11ஆம் நூற்றாண்டளவில் மங்கியதே எதிர்த்தரப்பின் வலுவான சான்று. ஆயினும் அது மங்கிய காலத்தில் அண்டைக் கழிமுகத்தில் பெங்காலான் பூஜாங் ஓங்கியதால், வணிகம் இடம்பெயர்ந்தது என்பதே பொருந்தும்.

கோயில்களைப் போரே இடித்தது என்பதும் நிற்காது. புக்கிட் பத்து பாஹாட்டில் எஞ்சியுள்ள தூண் தாங்கு கற்கள், கல் அடித்தளத்தின்மேல் மரக்கூரை நின்றதையும், அம்மரம் மழைநாட்டு ஈரத்தில் மட்கியதையும் உணர்த்துகின்றன.

இன்று அங்கே கப்பல் அணைய இடமில்லாதது ஏன் என்ற கேள்விக்கு விடை நிலவியலில் உள்ளது. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் இன்றையதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்த கடல் மெல்லப் பின்வாங்க, அலைகள் குவித்த மணல் மேடுகள், மலாயில் பெர்மாத்தாங் எனப்படுபவை, பழைய கரைகளைக் காட்டும் வரிசைகளாக உள்நாட்டில் தங்கின. மூடா மலைநாட்டிலிருந்து வண்டலைச் சுமந்து வரும் நீண்ட ஆறு. மெர்போக்கோ குறுகிய ஆறாயினும், கடலின் ஏற்றவற்றம் நெடுந்தொலைவு ஏறி இறங்குவதால் அகன்ற கழிமுகம் கொண்டது. அங்கு அடர்ந்துள்ள அலையாத்திக் காடுகளின் வேர்கள், ஏற்றநீர் கொணரும் சேற்றைப் பற்றிக்கொள்ள, கிளையாறுகள் ஆழம் குன்றின. ஒருகாலத்தில் சரக்கு இறங்கிய பூஜாங் ஆறு இன்று சிற்றோடையாய் ஒடுங்கியிருப்பதற்கு இந்தப் படிவே காரணம். எந்தப் படையும் ஓர் ஆற்றை அவ்வாறு தூர்த்துவிட இயலாது.