அணைந்திருந்த மெழுகுவர்த்தி

ட்யூடர் காலத்துக் கதை என்றாலே எட்டாம் ஹென்றியும் அவருடைய ஆறு மனைவிகளும் வரிசையில் வந்து நின்றுவிடுவார்கள். எனக்கு ராஜாக்கள் அலுத்துவிட்டார்கள். அதே லண்டனில் கடை வைத்தவன், வாடகை பாக்கி வைத்தவன், கோர்ட்டுக்கு நடையாய் நடந்தவன் எல்லாம் என்ன ஆனான்?

இதைச் சொல்லத்தான் சி.ஜே. சான்ஸம் என்பவர் வந்தார். சரித்திரத்தில் டாக்டர் பட்டம், அப்புறம் வக்கீல் தொழில், அதையும் விட்டுவிட்டு நாவல். அவருடைய ஹீரோ மேத்யூ ஷார்ட்லேக்கும் வக்கீல்தான். முதுகில் கூன். தெருவில் போனால் கேலி. 'டிஸ்ஸொல்யூஷன்' (2003) நாவலில், 1537-ல் ஒரு மடத்தில் நடந்த கொலையை விசாரிக்கப் போகிறார். கைரேகை கிடையாது, போலீஸே கிடையாது. ஒரு குதிரை, எலும்பைத் துளைக்கும் குளிர், கேள்வி கேட்க ஒரு வாய். அவ்வளவுதான். ராஜா மடங்களை இழுத்து மூடிக்கொண்டிருந்த சமயம் வேறு.

'எல்லாம் கற்பனைதானே சார்' என்பவர்களுக்கு நிஜக் கேஸ் ஒன்று.

வருஷம் 1511. ரிச்சர்ட் ஹன் லண்டனில் துணி வியாபாரி. அவருடைய அஞ்சு வாரக் கைக்குழந்தை ஸ்டீபன் இறந்துபோனான். அடக்கம் செய்த பாதிரியார், வழக்கப்படி குழந்தையைச் சுற்றியிருந்த துணியைக் கட்டணமாகக் கேட்டார். ஹன் தர மறுத்தார். செத்த குழந்தைக்கு ஏதய்யா சொத்து, அது என் துணி என்றார். பி.காம். படித்தவன் என்ற முறையில் இந்த வாதம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தத் துணியை ஒரு தகப்பன் ஏன் விடவில்லை என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் பதில் இருக்காது.

சர்ச் கோர்ட்டில் ஹன் தோற்றார். பிரார்த்தனைக்குப் போனால், 'நீ வெளியே போனால்தான் தொடர்வேன்' என்று நிறுத்திவிட்டார்கள். ஊர் முன்னால் அவமானம். வியாபாரிகள் என்னோடு கொடுக்கல் வாங்கல் வைக்க மறுக்கிறார்கள் என்று ஹன் ராஜாவின் கோர்ட்டுக்குப் போனார். கூடவே, என்னைச் சர்ச் கோர்ட்டுக்கு இழுத்ததே சட்டவிரோதம் என்று இன்னொரு வழக்கு. ஒரு முழத் துணிக்கு ஆரம்பித்தது, போப்பின் அதிகாரம் வரை போய்விட்டது!

1514-ல் மதத்துரோகி என்று பிடித்து, செயின்ட் பால் தேவாலயத்துச் சிறையில் போட்டார்கள். டிசம்பர் 4 காலை, பட்டு இடுப்புக் கச்சையில் தொங்கிக்கொண்டிருந்தார். தற்கொலை என்றார்கள்.

விசாரிக்க வந்த ஜூரிகள் சாதாரண லண்டன்வாசிகள். மாடி ஏறிப் போய்ப் பார்த்தார்கள் பாருங்க, அது துப்பறிதல்! தலை வாரியிருக்கிறது, தொப்பி நேராக இருக்கிறது, கண்ணும் வாயும் மூடியிருக்கின்றன. கையில் கட்டிய தடம். ரத்தம் உடம்பில் இல்லை, மூலையில் கிடக்கிறது. மெழுகுவர்த்தி ஏழெட்டு அடி தள்ளி, ஒழுங்காக அணைக்கப்பட்டிருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தடவிக்கொண்டு போயா ஒருத்தன் தூக்கு மாட்டிக்கொள்வான்?

கொலை என்று தீர்ப்பு. பிஷப்பின் வலதுகையான ஹார்ஸியும் இரண்டு சிப்பந்திகளும் குற்றவாளிகள் என்றார்கள். ஆனால் ராஜாவின் வக்கீல் ஹார்ஸி மீதான வழக்கைக் கைகழுவினார். ஸர் தாமஸ் மோர் கடைசிவரை தற்கொலைதான் என்று சாதித்தார்.

இதற்குள் சர்ச், பிணத்தின் மேல் வழக்கு நடத்தி, டிசம்பர் 20-ல் அதை எரித்தேவிட்டது. செத்தவன் மேல் எதற்கு வழக்கு? மதத்துரோகி என்று முடிவானால் சொத்து பறிமுதல். ஹன்னின் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள்.

சான்ஸமுக்கு ஏன் இத்தனை வாசகர்கள் என்று இப்போது புரியும். அவர் 2024 ஏப்ரலில் காலமானார், ஷார்ட்லேக் டி.வி. தொடராக வந்தது சில நாள் கழித்து. முதலில் 'டிஸ்ஸொல்யூஷன்' படியுங்கள். கடைசி நாவல் 'டூம்லேண்ட்' எண்ணூறு பக்கத்துக்கு மேல். பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையால் படிக்க முடியாது.