குண்டு வைத்தது யாரோ… தட்டப்படுவது யார் வீட்டுக் கதவு? ஈஸ்டர் தாக்குதல் சொல்லும் பாடம்

எங்காவது குண்டு வெடித்ததாகச் செய்தி வந்தால், டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கும் நாங்கள் முதலில் தேடுவது எண்ணிக்கையை. எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேருக்குக் காயம், உறுதி செய்தது யார். ஆனால், அந்தச் செய்திக்குக் கீழே வரும் முதல் கமென்ட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 'பேரைச் சொல்லுங்க, எந்த மதம்னு தெரிஞ்சிடும்.'

மதம் தெரிந்துவிட்டால் பலருக்கு அங்கேயே விசாரணை முடிந்துவிடுகிறது. அப்படி முடித்துக்கொண்டால் என்ன ஆகும்? நமக்கு மிகப் பக்கத்தில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்தே பார்ப்போம்.

2019 ஏப்ரல் 21: என்ன நடந்தது?

ஈஸ்டர் ஞாயிறு காலை. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஷங்ரி-லா உள்ளிட்ட மூன்று சொகுசு ஹோட்டல்கள். அடுத்தடுத்து நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 260-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பில் இறந்தவர்களில் பலர் குழந்தைகள். அங்கே முதுகில் பையோடு வந்தவன் மேல் சந்தேகப்பட்டு, அவனை வாசலிலேயே மறித்தார் ஒருவர். அவர் உயிர் போனது. உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள்.

கும்பலின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாஷிம். தாக்குதலுக்கு ஐ.எஸ். அமைப்பு பொறுப்பேற்றது. இதை மழுப்பத் தேவையில்லை. மதத்தின் பெயரைச் சொல்லித்தான் கொன்றார்கள். ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் சஹ்ரான் வெறுப்பை விதைத்தது நாம் பேசும் இதே தமிழில்தான். 'இதுக்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்ல' என்று ஒரே வரியில் கடந்து போனால், அது இறந்தவர்களுக்கும் நியாயமில்லை, அந்தப் பேச்சை நேருக்கு நேர் எதிர்த்த முஸ்லிம்களுக்கும் நியாயமில்லை.

எதிர்த்தவர்கள் இருந்தாங்களா? இருந்தாங்க.

முதலில் எச்சரித்தது யார்?

காத்தான்குடியில் சஹ்ரானின் தாக்குதலுக்கு முதலில் ஆளானவர்கள் சூஃபி வழியைப் பின்பற்றும் முஸ்லிம்கள். 2017 மார்ச்சில் இரு தரப்புக்கும் நடந்த மோதலுக்குப் பிறகு சிலர் கைதானார்கள், சஹ்ரான் தலைமறைவானார். இந்த ஆள் ஆபத்தானவர் என்று உள்ளூர் முஸ்லிம்கள் அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார்கள். தெருவில் இறங்கிப் போராடவும் செய்தார்கள்.

அது மட்டுமல்ல. 2019 ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத்துறை இலங்கையை எச்சரித்தது. ஏப்ரல் 11 தேதியிட்ட போலீஸ் கடிதம் ஒன்றில் சஹ்ரானின் பெயரும் இருந்தது, கத்தோலிக்க தேவாலயங்கள் குறிவைக்கப்படலாம் என்ற தகவலும் இருந்தது. பத்து நாள் கழித்து, ஈஸ்டர் திருப்பலிக்கு வந்த மக்களுக்கு அது எதுவும் தெரியாது.

தாக்குதல் நடந்து ஐந்தாவது நாள் சாய்ந்தமருதில் நடந்ததையும் பாருங்க. வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள். படையினர் வந்ததும் உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்கவைத்தார்கள். குழந்தைகள் உட்பட 15 பேர் இறந்தார்கள். ஊர்க்காரர்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் குண்டுகள் எங்கே போயிருக்கும்? யோசித்துப் பாருங்க.

குண்டுதாரிகளின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் அறிவித்தது. இதற்கு மேல் எப்படிக் கண்டிக்க முடியும்?

ஆனாலும் கதவு தட்டப்பட்டது

மூன்று வாரம்தான் ஆனது. மே மாதம் சிலாபத்தில் முஸ்லிம் ஒருவர் ஃபேஸ்புக்கில் உடைந்த ஆங்கிலத்தில் ஒரு கமென்ட் போட்டார். 'ரொம்பச் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய்' என்பதுதான் அதன் பொருள். அடுத்த குண்டுக்கான மிரட்டல் என்று அதைப் புரிந்துகொண்டது ஒரு கும்பல். கலவரம் குருநாகல், மினுவாங்கொடை வரை பரவியது. கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. முஸ்லிம் தச்சர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

அதே மாதம், குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று ஒரு நாளிதழ் முதல் பக்கத்தில் எழுதியது. அவர் கைது செய்யப்பட்டார். விசாரணையில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு செய்தியாளராக என்னை அதிகம் உறுத்துவது இந்தச் சம்பவம்தான். அந்தக் கதையைத் தொடங்கிவைத்தது ஏதோ ஒரு ஃபார்வர்டு மெசேஜ் இல்லை. எங்கள் தொழில்.

இன்னொன்று. தேடப்படுபவர் என்று சொல்லி, சம்பந்தமே இல்லாத ஓர் அமெரிக்க முஸ்லிம் மாணவியின் படத்தை இலங்கை போலீஸ் வெளியிட்டது. பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்தப் படம் உலகத்தையே சுற்றிவிட்டது.

நீர்கொழும்பில் நடந்தது எல்லாவற்றையும் விடக் கொடுமை. பாகிஸ்தானில் மதத் தீவிரவாதிகளுக்குப் பயந்து ஓடிவந்த அஹ்மதியா அகதிகள் உட்பட நூற்றுக்கணக்கானோர், வாடகை வீடுகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். எந்த வெறியிடமிருந்து தப்பி வந்தார்களோ, அதே வெறியின் பெயரால் மறுபடியும் வீடிழந்தார்கள்.

அப்போ கோபமே படக் கூடாதா?

கண்டிப்பாகப் படணும். பிரார்த்தனைக்குப் போன குழந்தைகளைக் கொன்றதைப் பார்த்துக் கோபம் வரவில்லை என்றால்தான் தப்பு. என் கேள்வி, அந்தக் கோபத்தை எந்த அட்ரஸுக்கு அனுப்புகிறோம் என்பது.

எச்சரிக்கை கையில் இருந்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. போலீஸ், உளவுத்துறை, பாதுகாப்புத்துறையின் முன்னாள் உயரதிகாரிகளும் இழப்பீடு தர உத்தரவானது. அந்தக் கேள்விக்குப் பதில் வர ஏறக்குறைய நான்கு வருடம் ஆனது. தச்சரின் பட்டறையைத் தேடிப் போக மூன்று வாரம் போதுமாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவது சுலபம். அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார், திருப்பி அடிக்க மாட்டார். 'கடிதம் கைக்கு வந்ததும் என்ன செஞ்சீங்க?' என்று அதிகாரத்தில் இருப்பவரைக் கேட்பது கஷ்டம். முதல் வேலையில் நாம் மும்முரமாக இருக்கும்வரை, பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு நிம்மதி.

கொழும்பு பேராயர் கார்தினால் மல்கம் ரஞ்சித் இரண்டையும் பிரித்துப் பார்த்தார். நீர்கொழும்பில் பதற்றம் வந்தபோது, ஒரு முஸ்லிம் மேல்கூட கை வைக்காதீர்கள் என்று கத்தோலிக்கர்களிடம் கேட்டுக்கொண்டார். அடுத்தடுத்த வருடங்களில், உண்மையைச் சொல்லுங்கள் என்று ஆட்சியாளர்களை விடாமல் கேட்டார். அண்டை வீட்டாரிடம் நிதானம், அரசாங்கத்திடம் பிடிவாதம்.

நம் நாட்டிலும் இதைப் பார்த்தோம். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் மதத்தைக் கேட்டுக் கேட்டுச் சுட்டார்கள். 26 பேர் இறந்தார்கள். பயணிகளைக் காப்பாற்ற முயன்று உயிரைவிட்ட உள்ளூர் முஸ்லிம் குதிரைக்காரரும் அதில் ஒருவர். அங்கே கணவரைப் பறிகொடுத்த ஒரு கடற்படை அதிகாரியின் மனைவி, நீதி வேண்டும், ஆனால் முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் குறிவைக்காதீர்கள் என்றார். கல்யாணமாகி ஒரு வாரம்கூட முழுதாக ஆவதற்குள் கணவரை இழந்த அவரைத்தான் சமூக வலைதளங்களில் திட்டித் தீர்த்தார்கள். துக்கம் அவருடையது. நம் கோபத்துக்கு அது ஒரு சாக்கு மட்டும்தானா?

அடுத்த முறை…

அடுத்த முறை இப்படியொரு செய்தி வராமல் இருக்கட்டும். வந்தால், போலீஸ் உறுதிசெய்யாத போட்டோவை ஃபார்வர்டு பண்ணாதீங்க. போலீஸ் வெளியிட்டதே தப்பாகலாம் என்பதையும் மறந்துடாதீங்க. 'உங்க ஆளுங்க ஏன் கண்டிக்கல?' என்று பக்கத்து சீட் நண்பரிடம் கேட்காதீங்க. அந்தக் கேள்வியை, எச்சரிக்கை யாரிடம் போனது, ஏன் தடுக்கவில்லை என்று மாற்றி, பதில் சொல்ல வேண்டியவர்களிடம் கேளுங்க. செய்தி ட்ரெண்டிங்கில் இருந்து இறங்கிய பிறகும் கேளுங்க.

என் முஸ்லிம் தோழி ஒருத்தி ஒருமுறை சொன்னாள்: எங்கே குண்டு வெடித்தாலும், செய்தது நம்ம ஆளாக இருக்கக் கூடாதே என்ற பயம்தான் அவளுக்கு முதலில் வருமாம். இறந்தவர்களுக்காக அழுவது அதற்குப் பிறகுதான்.

நமக்கு அந்தப் பயம் இல்லை. செய்தி வந்த உடனே அழ முடிகிறது. அவளும் அப்படி அழ முடிகிற இடமாக நம் ஆபீஸும், நம் அபார்ட்மென்ட்டும், நம் ஃபேமிலி குரூப்பும் இருக்க வேண்டாமா?